தட்டில் பாதியைப் பச்சையாகத் தீட்டிய பிள்ளை: சத்துணவுப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி
சனிக்கிழமை ஆசிரியை, கோலாலம்பூர்

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தள மண்டபத்தில் நானும் இரண்டு தோழியரும் சனிக்கிழமைதோறும் காலை வகுப்பு நடத்தி வருகிறோம். ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள இருபத்தாறு பிள்ளைகள் வருகிறார்கள். தமிழ் வாசிப்பும் கணக்கும் வாரந்தோறும் உண்டு. மாதம் ஒருமுறை உடல்நலத்தைப் பற்றியும் ஒரு பாடம் நடக்கும்.

சென்ற மாதம் சத்துணவைப் பற்றிப் பேசினோம். சுகாதார அமைச்சு பரப்பிவரும் 'சூக்கு-சூக்கு-செபாரு' முறையை, அதாவது தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும் என்பதைப் படம் போட்டு விளக்கினேன். பிறகு ஆளுக்கொரு வெள்ளைக் காகிதத் தட்டைக் கொடுத்து, நேற்றிரவு சாப்பிட்டதை அதில் வரையச் சொன்னேன்.

இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமி தன் தட்டில் சரிபாதியைப் பச்சை வண்ணக்கோலால் அழுத்தி அழுத்தித் தீட்டினாள். கோல் இரண்டாக ஒடிந்த பிறகும் துண்டைப் பிடித்துக்கொண்டு தீட்டினாள். ஒரு மூலையில் சோறு, இன்னொரு மூலையில் வாலோடு ஒரு மீன். நான் அதைத் தூக்கிக் காட்டி வகுப்பின் முன்னால் பாராட்டினேன். பின்வரிசையில் இருந்த அவளுடைய அண்ணன், "டீச்சர், நேத்து எங்க வீட்ல சோறும் கிச்சாப்பும்தான்," என்றான். கிச்சாப் என்றால் சோற்றில் ஊற்றிக்கொள்ளும் சோயா சாறு. அவன் தங்கையைக் கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. ஆசிரியை தவறாகப் புரிந்துகொண்டாரே, சொல்லிவிடுவோம் என்றுதான் சொன்னான். அந்தப் பிள்ளை இரண்டு உள்ளங்கைகளாலும் தட்டை மூடிக்கொண்டாள். வகுப்பு முடியும்வரை கையை எடுக்கவே இல்லை.

அன்று முதல் இது என் மனத்தை அறுத்துக்கொண்டிருக்கிறது. கீரையைப் பற்றி நான் கற்பித்ததாக நினைத்தேன். தன் வீட்டுச் சோற்றை மறைக்க வேண்டும் என்று அவள் கற்றுக்கொண்டாள். இவர்களுக்குச் சத்துணவைப் பற்றிச் சொல்லாமலும் இருக்க முடியாது. வகுப்புக்கு வரும் வழியில் கடையில் வாங்கிய இனிப்பு நீரையும் பாக்கெட் நொறுக்கையும் காலை உணவாகக் கொண்டுவரும் பிள்ளைகள் பாதிப்பேர். ஆனால் எதைச் சாப்பிட வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்தில் இல்லாத பிள்ளையிடம் எதைச் சாப்பிட வேண்டும் என்று பாடம் நடத்துவது எப்படி நியாயமாகும்? வெட்கப்பட வைக்காமல் இதைக் கற்பித்தவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள். வீட்டில் உணவே குறைவாக இருப்பது தெரிந்துவிட்ட பிறகு, ஒரு வகுப்பு நடத்துபவராக நான் எந்த அளவுக்கு உள்ளே போகலாம் என்பதையும் சொல்லுங்கள். தேர்ச்சி பெற்ற ஆசிரியை அல்லள் நான். ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன்.

மறுமொழி 1
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பினாங்கு

வணக்கம் அம்மா. முப்பத்தோரு ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் பணியாற்றியவன் என்ற முறையில் சில அனுபவங்களைச் சொல்கிறேன். நீங்கள் கண்ட அந்தப் பச்சைத் தட்டை நான் வேறு வடிவங்களில் பலமுறை கண்டிருக்கிறேன்.

வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கான துணை உணவுத் திட்டம், நாம் ஆர்.எம்.டி. என்று சுருக்கிச் சொல்வது, இந்நாட்டில் 1979இல் தொடங்கியது. ஏராளமான பிள்ளைகளைப் படிப்பில் நிலைக்க வைத்த திட்டம் அது. ஆனால் நான் முன்பு இருந்த ஒரு பள்ளியில், கணக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக, அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் மஞ்சள் தட்டும் தனி மேசையும் ஒதுக்கியிருந்தார்கள். மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் தட்டை வாங்கிக்கொண்டு சிற்றுண்டிச் சாலைத் தூணுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்று சாப்பிடுவான். சில நாள் சாப்பிடாமலே தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். பசியைவிட மஞ்சள் நிறம் அவனுக்குப் பெரிதாக இருந்தது. சோறு இல்லாததும் பிள்ளையைப் பட்டினி போடும். சோற்றை எடுக்க வெட்கப்படுவதும் பட்டினி போடும். இரண்டையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதை மாற்றுவதற்கு எங்களுக்குப் பெரிய செலவு ஆகவில்லை. எல்லாருக்கும் ஒரே நிறத் தட்டு வாங்கினோம். வருகைப் பதிவைச் சிற்றுண்டிச் சாலையில் எடுக்காமல் காலையிலேயே வகுப்பாசிரியரிடம் ஒப்படைத்தோம். ஆசிரியர்களில் நான்கைந்து பேர் அதே உணவைக் காசு கொடுத்து வாங்கி, அதே மேசைகளில் கலந்து உட்கார்ந்து உண்டோம். தூணுக்குப் பின்னால் நின்ற பையன் எத்தனை நாளில் வெளியே வந்தான் என்று எனக்கு நினைவில்லை, வந்தான்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். "நேற்றிரவு என்ன சாப்பிட்டாய்", "உன் வீட்டில் என்ன சமைத்தார்கள்" என்ற கேள்விகளை வகுப்பில் அறவே விட்டுவிடுங்கள். நாம் சந்திக்கும்போதெல்லாம் "பசியாறிட்டீங்களா" என்று கேட்டுப் பழகியவர்கள் என்பதால் அதில் உள்ள முள் நமக்குத் தெரிவதில்லை. வீட்டுத் தட்டை விசாரிக்காமல், வகுப்பிலேயே ஒரு தட்டை உருவாக்குங்கள். எல்லாருக்கும் முன்னால் ஒரே பொருள். யாரிடம் என்ன இருக்கிறது என்ற பேச்சுக்கே இடமில்லை.

நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை ஜெலுத்தோங் சந்தைக்கு அழைத்துச் செல்வேன். நால்வர் கொண்ட குழுவுக்கு ஐந்து வெள்ளி (ரிங்கிட்). அதற்குள் நான்கு பேருக்குத் தேவையான காய்கறி வாங்க வேண்டும். முதல் முறை போனபோது எல்லாரும் பாடநூல் படத்தில் இருந்த புரோக்கோலியைத் தேடி ஓடினார்கள். விலையைக் கேட்டதும் முகம் விழுந்துவிட்டது. பிறகு கங்குங் (வள்ளைக்கீரை), சாவி (கடுகு வகைக் கீரை), தௌகே (முளைவிட்ட பயறு), வெள்ளரி என்று ஒவ்வொன்றாக விலை கேட்கத் தொடங்கினார்கள். நம் தாய்மார்கள் அன்றாடம் சமைக்கும் சாவியும் கங்குங்கும் சத்தில் குறைந்தவை அல்ல என்பதை அங்கேயே நின்று சொன்னேன். ஏனென்றால் நம் பிள்ளைகள் பலருக்கு, படத்தில் இருப்பதுதான் சத்துணவு, வீட்டில் இருப்பது வெறும் சாப்பாடு என்ற எண்ணம் இருக்கிறது. அதை உடைப்பதுதான் முதல் பாடம் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு முறை, ஆண்டிறுதி மழைக்காலத்தில், சென்ற மாதம் வாங்கிய அதே கீரைக்கு ஏன் இவ்வளவு விலை என்று ஒரு மாணவி கடைக்காரரிடமே கேட்டுவிட்டாள். கேமரன் மலையில் மழை, லாரி வரத்துக் குறைவு என்று அவர் பொறுமையாக விளக்கினார். அம்மா கீரை வாங்காததற்குக் காரணம் அம்மாவிடம் மட்டும் இல்லை, மலையிலும் சாலையிலும் மொத்தச் சந்தையிலும் இருக்கிறது என்று பதினொரு வயதுப் பிள்ளை புரிந்துகொண்ட நாள் அது. உணவு எல்லார் கைக்கும் ஒரே மாதிரி எட்டுவதில்லை என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். அதற்குக் காரணம் தங்கள் குடும்பத்தின் குறை என்று அவர்கள் தவறாக எண்ணிக்கொண்டிருப்பதைத்தான் நாம் மாற்ற வேண்டும்.

கீரையை அறியாத பிள்ளைகளுக்குச் சுவைக்கக் கொடுப்பதற்கு முன்னால் வளர்க்கக் கொடுங்கள். சந்தையில் வாங்கிய கங்குங்கின் இலைகளைச் சமைத்துவிட்டு, அடித்தண்டைக் கணு தண்ணீரில் படும்படி ஒரு குவளையில் நிறுத்தி வைத்தால் சில நாள்களில் வெள்ளை வேர் விடும். பிறகு மைலோ டின்னில் மண் நிரப்பி நட்டுவிடலாம். அடுக்குமாடி நடைபாதையில் காலை வெயில் படும் இடம் போதும். தான் நட்ட கீரையைத் தின்ன மறுத்த பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

இங்கே சீக்கியர் கோயிலான குருத்துவாராவுக்கும் ஒருமுறை வகுப்பை அழைத்துச் சென்றோம். லங்கர் எனும் பொதுப் பந்திக் கூடத்தில் வந்தவர் அனைவரும் தரையில் ஒரே வரிசையில் அமர்ந்து பருப்பும் சப்பாத்தியும் உண்டார்கள். யார் நீ, ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைச் சாலையில் நாம் போடும் தண்ணீர்ப் பந்தல்களும் இதே முறைதான் என்று பிள்ளைகளே சொன்னார்கள். உங்கள் மண்டபத்தில் உணவு கொடுப்பதாக இருந்தால் அந்தப் பந்தி முறையிலேயே கொடுங்கள். பட்டியல் போட்டு, ஏழைப் பிள்ளை எது என்று பிரிக்க வேண்டாம்.

மறுமொழி 2
மருந்தகத்தில் பணிபுரியும் உணவியலாளர், கோலாலம்பூர்

ஆசிரியர் ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். பாடத்தின் உள்ளடக்கம் பற்றி மட்டும் என் பங்குக்குச் சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் பணம் குறைந்த வீட்டுக்குப் பொருந்தும் சத்துணவுச் செய்தி, வசதியான வீட்டுக்குச் சொல்லும் செய்தியிலிருந்து வேறுபட வேண்டியிருக்கிறது.

யுனிசெஃப் 2018இல் கோலாலம்பூர் சுற்றுவட்டாரத்தின் மலிவுவிலை அடுக்குமாடிகளில் வாழும் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. அங்குள்ள ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள். அதே அடுக்குமாடிகளில் 23 விழுக்காட்டுப் பிள்ளைகள் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். ஏறத்தாழப் பத்தில் ஒரு பிள்ளை நாளுக்கு மூன்று வேளைக்கும் குறைவாக உண்கிறது. உணவு விலை காரணமாகப் பிள்ளைகளுக்குச் சத்தான உணவு சமைக்க முடியவில்லை என்று 97 விழுக்காட்டுக் குடும்பங்கள் கூறியிருக்கின்றன. இதில் கடைசி எண்ணை ஒவ்வொரு முறை சத்துணவுச் சொற்பொழிவுக்குப் போகும்போதும் நினைத்துக்கொள்வேன். அந்தத் தாய்மாருக்குத் தெரியாததை நாம் போய்ச் சொல்லிவிடப் போவதில்லை.

குட்டையான பிள்ளையும் பருமனான பிள்ளையும் ஒரே வீட்டில் இருப்பதைப் பார்த்து மக்கள் வியக்கிறார்கள். குறைந்த காசுக்கு வயிற்றை நிரப்புவது சோறு, மீ (நூடுல்ஸ்), ரொட்டி, சீனி, எண்ணெய். வயிறு நிறைகிறது, எடை ஏறுகிறது, ஆனால் எலும்பு வளரவும் இரத்தம் ஊறவும் வேண்டியது கிடைப்பதில்லை. ஆகவே பருமனான பிள்ளை அதிகமாகத் தின்கிறது, ஒல்லியான பிள்ளை சாப்பிடாமல் அடம்பிடிக்கிறது என்று வகுப்பில் யாரும் பேச இடம் கொடுக்காதீர்கள். பிள்ளைகளின் எடையைப் பற்றியே பேச வேண்டாம்.

தட்டு வரையும் பாடத்தை நான் இப்படி மாற்றுவேன். சோறும் கிச்சாப்பும் இருக்கும் தட்டிலிருந்தே தொடங்குங்கள், அது யாருடைய தட்டும் அன்று, நீங்கள் கரும்பலகையில் வரைந்த தட்டு. இதில் ஒன்றே ஒன்றைச் சேர்க்கலாம் என்றால் எதைச் சேர்ப்பீர்கள் என்று கேளுங்கள். ஒரு பிள்ளை முட்டை என்பான். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு பிள்ளை பருப்பு என்பாள். அரிசியில் குறைவான புரதக் கூறு பருப்பிலும், பருப்பில் குறைவானது அரிசியிலும் இருப்பதால் இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று நிரப்பிக்கொள்ளும். சோயாவில் செய்யும் தெம்பே, தவ்வு, முள்ளோடு மென்று தின்னக்கூடிய டின் சாடின், நெத்திலி என்று பட்டியல் தானாக நீளும். சாடின் முள்ளிலும் முழு நெத்திலியிலும் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. 'அரைத் தட்டுக் காய்கறி' என்ற இலக்கை அடைய முடியாத வீட்டுக்கு 'இன்று ஒன்று கூட' என்ற இலக்கு எட்டும்.

இரண்டு பழக்கங்கள் காசு கேட்காமலே நன்மை செய்பவை என்பதால் அவற்றை அழுத்திச் சொல்வேன். நம் வீடுகளில் பிள்ளைகளுக்கும் சோற்றோடு தேநீர் கொடுக்கிறோம். தேநீரில் உள்ள பொருள்கள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தடுக்கின்றன. சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுத்தால் போதும். மாறாக எலுமிச்சைச் சாறோ கொய்யாத் துண்டோ சேர்ந்தால் இரும்பு கூடுதலாக உடலில் சேரும். முருங்கைக்கீரைப் பிரட்டலில் இறக்கும் நேரத்தில் அரை எலுமிச்சை பிழிவது நம் பாட்டிமார் கைப்பழக்கம்.

அடுத்தது டின் பால். கடையில் நாம் டின் பால் என்று வாங்குவதன் தாளில் 'கிரிமர்' என்று எழுதியிருந்தால் அது பாலன்று. அதில் பெரும்பங்கு சீனியும் செம்பனை எண்ணெயும்தான். பால் என்று நம்பி அதைக் கரைத்துச் சிறு பிள்ளைகளுக்குக் கொடுத்த தாய்மாரை நான் மருந்தகத்தில் சந்தித்திருக்கிறேன். அவர்கள்மீது எந்தக் குறையும் இல்லை. டின்னில் மாட்டுப் படமோ பால் குவளைப் படமோ இருந்தால் யார்தான் நம்பமாட்டார்கள்? பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தத் தாளை வாசிக்கக் கற்றுக்கொடுத்தால் அது தமிழ் வாசிப்பைப் போலவே வாழ்நாள் முழுவதும் உதவும்.

சீனியைப் பற்றிச் சொற்பொழிவு வேண்டாம், கணக்குப் பாடமாகவே நடத்திவிடலாம். உங்கள் தொழிலும் அதுதான். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் என்று எழுதியிருக்கும் 325 மில்லிலிட்டர் டின்னில் 32 கிராமுக்கு மேல் சீனி. ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்றால் எட்டுக் கரண்டி. பிள்ளைகளே ஒரு கண்ணாடிக் குவளையில் எட்டுக் கரண்டி அள்ளிப் போடட்டும். நாளுக்குச் சுமார் 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் வரம்பு 40 கிராம், முடிந்தால் அதிலும் பாதி. 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து வரி விதிப்பதையும் மூத்த பிள்ளைகளுக்குச் சொல்லலாம். குடிப்பவர் மட்டும் பொறுப்பாளி அல்லர், தயாரிப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்று நாடு ஒப்புக்கொண்டதற்கு அது சான்று. ஆனால் அந்தப் பானத்தை எடுத்து வந்த பிள்ளையின் டின்னை எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தாதீர்கள். நீங்களே ஒன்றை வாங்கிச் செல்லுங்கள்.

மறுமொழி 3
அடுக்குமாடியில் வசிக்கும் ஒரு தாய், கோலாலம்பூர்

வணக்கம். இந்த இழையை என் தோழி அனுப்பினார். நான் இதே போன்ற ஓர் அடுக்குமாடியில் பதினான்காவது மாடியில் இருக்கிறேன். மூன்று பிள்ளைகள். அலுவலகக் கட்டடம் ஒன்றில் மாலை ஐந்து மணி முதல் இரவு பதினொன்று வரை துப்புரவு வேலை. அந்தச் சிறுமியின் தாய் நானில்லை, ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

சோறும் கிச்சாப்பும் என்று அந்தப் பையன் சொன்னதை வாசித்தபோது எனக்கு அந்த வீட்டு அடுக்களை கண்ணில் தெரிந்தது. சோறு இருந்திருக்கிறது. அம்மா வேலைக்குப் போகும் முன் வடித்து வைத்திருப்பார். குழம்பு வைக்க நேரம் இருந்திருக்காது, அல்லது சம்பளத்துக்கு இன்னும் நான்கு நாள் இருந்திருக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது என்று நான் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். ஆகவே நான் இல்லாத நேரத்தில் சுடச்சுட எதுவும் கிடையாது. எங்களிடம் இருக்கும் குளிர்ப்பெட்டி சிறியது. மலிவாகக் கிடைக்கும்போது கீரையை நிறைய வாங்கி வைத்தாலும் இரண்டாம் நாள் பழுத்துவிடும். மின்தூக்கி நின்றுபோன வாரங்களில் ஐந்து கிலோ அரிசியைத் தூக்கிக்கொண்டு பதினான்கு மாடி ஏறியிருக்கிறேன்; அன்று காய்கறிப் பைக்குக் கை மிச்சமில்லை.

என் மகன் முதலாம் ஆண்டு படித்தபோது பள்ளியிலிருந்து ஒரு குறிப்பு வந்தது. சிவப்பு மையில், பிள்ளைக்குச் சத்தான உணவு கொடுத்தனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் அந்தத் தாளை மடித்து நான் எத்தனை நாள் பையில் வைத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு ஒரு மாதம் பெற்றோர் கூட்டத்துக்கு நான் போகவில்லை. உதவிக்கு மனு எழுதும் படிவத்தை அந்தக் கூட்டத்தில்தான் கொடுத்தார்களாம். எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது.

அதனால் ஆசிரியை அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, எங்களை அழையுங்கள். பாடம் கேட்பதற்கு அல்ல, சமைப்பதற்கு அழையுங்கள். எங்கள் மாடியில் இருக்கும் ஒரு பாட்டிக்குத் தோட்டத்தில் வாழ்ந்த காலத்துக் கீரை வகைகள் அத்தனையும் தெரியும். பொன்னாங்கண்ணியையும் மணத்தக்காளியையும் கீழே வாகன நிறுத்துமிடத்து ஓரத்தில் நட்டு வைத்திருக்கிறார். என் பிள்ளைகளுக்கு அந்தக் கீரைகளின் பெயர் தெரிந்தது அவரால்தான்.

உணவுக் கூடை கொடுக்க வருபவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும், இங்கே யாராவது வாசித்தால். நீங்கள் கொண்டுவரும் அரிசிக்கும் எண்ணெய்க்கும் நாங்கள் நன்றியுள்ளவர்கள். ஆனால் ஒவ்வொரு கூடையிலும் மீ பாக்கெட், பிஸ்கட், சீனி, இனிப்புப் பானத் தூள் இவையே வருகின்றன, கெடாமல் இருக்கும் என்பதால். பிறகு பிள்ளைகள் ஏன் மீ மட்டுமே கேட்கிறார்கள் என்று எங்களிடம் கேட்கிறார்கள். ஒரு தட்டு முட்டையும் ஒரு கிலோ பருப்பும் வைத்தால் அது எங்கள் வீட்டில் இரண்டு வாரம் பேசும். வெங்காயம், உருளைக்கிழங்கு, பூசணி இவையும் எளிதில் கெடுவதில்லை.

அந்தச் சிறுமியைப் பற்றி ஒரு சொல். அவளிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்காதீர்கள்; அவள் மறக்க நினைப்பதை நினைவுபடுத்தியது போலாகிவிடும். அடுத்த வகுப்பில் அவளுக்குப் பெருமையான ஒரு வேலை கொடுங்கள்.

மீண்டும் கேள்வி கேட்டவர்
சனிக்கிழமை ஆசிரியை, கோலாலம்பூர்

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. உடனே பதில் எழுதாமல், செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று மூன்று வாரம் காத்திருந்தேன்.

சிவப்பு மைக் குறிப்பைப் பற்றி வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் வகுப்புக்கு இனிப்பு நீர் கொண்டுவர வேண்டாம் என்று ஓர் அறிவிப்பை அச்சிட்டு என் மேசையில் வைத்திருந்தேன். அதைக் கிழித்துவிட்டேன். இப்போது வகுப்பு ஒன்பது மணிக்குப் பசியாறலோடு தொடங்குகிறது. பாய் விரித்து ஒரே பந்தி, நாங்கள் மூவரும் பிள்ளைகளோடு உட்காருகிறோம். முதல் வாரம் அவித்த முட்டையும் அவித்த மரவள்ளிக்கிழங்கும். இரண்டாம் வாரம் கடலைச் சுண்டலும் வாழைப்பழமும். வெந்நீரும் வெறும் தண்ணீரும் மட்டும் வைத்தோம். யாரும் இனிப்பு நீரைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் அதைக் கொண்டுவந்தவர்கள் நான்கு பேர்.

அந்தச் சிறுமியை முட்டை எண்ணும் வேலைக்கு வைத்தேன். முட்டையைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தனியே எடுத்து வைப்பது அவள் பொறுப்பு. மிதக்கும் முட்டை பழையது, மூழ்குவது புதியது என்று அவளே தன் அண்ணனுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். முதல் நாள் ஒன்று மிதந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மண்டபம் முழுவதும் காட்டிவிட்டு வந்தாள். கங்குங் தண்டுகள் இருபத்தாறு டின்களில் நட்டிருக்கிறோம். மூன்று பட்டுவிட்டன, மற்றவை விரல் உயரம் வந்திருக்கின்றன.

எனக்கு இப்போது கவலை தருவது வேறொன்று. ஆசிரியர் ஐயா சொன்ன துணை உணவுத் திட்டம் பள்ளி நாள்களில் மட்டும்தான் நடக்கிறது. எங்கள் இருபத்தாறு பேரில் பலர் அதை நம்பியிருக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் தெரிந்துகொண்டேன். நீண்ட விடுமுறை வரும்போது ஐந்து நாள் உணவு நின்றுவிடுகிறது, எங்களிடம் இருப்பது சனிக்கிழமை ஒரு காலை. விடுமுறையில் வாரம் இரண்டு நாளாவது மதிய உணவு கொடுக்க மண்டபத்தைக் கேட்டிருக்கிறோம். குடியிருப்போர் சங்கம் ஒப்புக்கொண்டுவிட்டது. பொருளுக்கு எங்கள் அலுவலகத்தில் சிலர் முன்வந்திருக்கிறார்கள். முப்பது பேருக்குச் சமைத்த அனுபவம் மட்டும் எங்கள் மூவரில் ஒருவருக்கும் இல்லை.

மறுமொழி 4
அடுக்குமாடியில் வசிக்கும் ஒரு தாய், கோலாலம்பூர்

எனக்கு வேலை மாலையில்தான், செவ்வாயும் வியாழனும் பகலில் வர முடியும். முப்பது பேருக்குப் பருப்பு வைக்கும் சட்டி எங்கள் மாடிப் பாட்டியிடம் இருக்கிறது, வீட்டுத் திருமணங்களுக்கு இரவல் கொடுப்பது. இரண்டு கிலோ பருப்பு, பூசணி ஒன்று, முருங்கைக்கீரை நான்கு கட்டு, நெத்திலி அரைக் கிலோ வாங்கி வைத்தால் காலை பத்து மணிக்கு நானும் பாட்டியும் வந்துவிடுகிறோம். அரிசி களைவதற்கும் கீரை உருவுவதற்கும் பெரிய பிள்ளைகள் நான்கு பேரை அனுப்புங்கள். நீங்கள் இருப்பது எந்த அடுக்குமாடி என்பதைத் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.